பெங்களூரிலிருந்து சொகுசுக் கப்பலுக்கு: சொந்த பாட்டிலோடு ஏறலாமா? முழுமையான வழிகாட்டி

பெங்களூருக்குக் கடல் கிடையாது. ஆனால் சொகுசுக் கப்பல் ஏறப் புறப்படுகிறவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. சிலர் மும்பை, சென்னை, கொச்சி போய் கார்டீலியா கப்பல் ஏறுகிறார்கள். சிலர் சிங்கப்பூருக்குப் பறந்து, அங்கிருந்து பினாங்கு, லங்காவி, புக்கெட் என்று சுற்றுகிறார்கள். டிக்கெட் போட்ட அன்றே நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி எழும்: "கப்பல்ல ஒரு பெக் விலையைக் கேட்டாலே போதை இறங்கிடுமாம். நம்ம சரக்கை நாமே கொண்டு போயிடலாமா?"

சுருக்கமான பதில் இது. கார்டீலியாவில் முடியாது. வெளிநாட்டுக் கப்பல்கள் சிலவற்றில் ஆளுக்கு ஒரு பாட்டில் ஒயின் வரை முடியும். விஸ்கி, ரம், வோட்காவை அநேகமாக எந்தப் பெரிய கப்பலும் ஏற்றுவதில்லை.

விரிவான பதிலுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். பெங்களூரில் வாங்கும் பாட்டில், கப்பல் வாசலுக்குப் போகும் முன்பே மாநில எல்லை, விமான நிலையம், சுங்கம் என்று பல இடங்களில் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் முதலில் கப்பல், பிறகு வழி, கடைசியில்தான் கடை. பலரும் கடையில் தொடங்கிவிட்டுத் துறைமுகத்தில் போய் விழிக்கிறார்கள்.

## படி 1: உங்கள் கப்பலின் விதியைப் பாருங்கள்

எல்லாக் கப்பலுக்கும் பொதுவான விதி என்று ஒன்றும் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒன்று வைத்திருக்கிறது.

கார்டீலியா: 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து ஓடத் தொடங்கிய 'எம்ப்ரஸ்' கப்பலைத்தான் பெங்களூர்க்காரர்கள் அதிகம் அறிவார்கள். 1990-இல் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரோடு கடலில் இறங்கி, ராயல் கரீபியன் நிறுவனத்திடம் 'எம்ப்ரஸ் ஆஃப் த சீஸ்' என்ற பெயரில் ஓடிய கப்பல் அது. இதில் வெளி மதுவுக்கு அனுமதி இல்லை.

ராயல் கரீபியன்: சிங்கப்பூரிலிருந்தும் கப்பல் விடும் நிறுவனம். குடிக்கும் வயதுள்ள ஒவ்வொருவரும் ஏறும் நாளில் 750 மி.லி. ஒயின் அல்லது ஷாம்பெய்ன் ஒரு பாட்டில் கொண்டு வரலாம். பீருக்கும் விஸ்கி வகைகளுக்கும் இடமில்லை.

ஸ்டார்ட்ரீம் (முன்பு ரிசார்ட்ஸ் வேர்ல்ட்): சிங்கப்பூரில் 'கெண்டிங் ட்ரீம்' கப்பலை இயக்குகிறது. வெளி மதுவை ஏற்றுவதில்லை.

கார்னிவல்: 21 வயது நிறைந்தவருக்கு ஏறும் நாளில் 750 மி.லி. ஒயின் ஒன்று.

நார்வீஜியன்: ஒயின் கொண்டு வரலாம், ஆனால் 750 மி.லி. பாட்டிலுக்கு 15 டாலர் கார்க்கேஜ் (சொந்த பாட்டிலைத் திறப்பதற்கான) கட்டணம்.

டிஸ்னி: பொதுவாக ஒருவருக்கு இரண்டு பாட்டில் ஒயின் அல்லது ஆறு பீர். மற்றவர்களோடு ஒப்பிட்டால் தாராளம்தான்.

எம்.எஸ்.சி., கோஸ்டா: வெளி மது கூடாது.

இவை அவ்வப்போது மாறும். ஒரே நிறுவனத்தில்கூட ஏறும் துறைமுகத்தைப் பொறுத்து வேறுபடும். எனவே முன்பதிவின்போது மின்னஞ்சலில் வரும் பயண ஒப்பந்தத்தில் மதுபானம் பற்றிய பத்தியைத் தேடிப் படித்துவிடுங்கள். ஏஜென்ட் போனில் "அதெல்லாம் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க சார்" என்று சொல்வது துறைமுக வாசலில் செல்லாது.

இவ்வளவு கெடுபிடி ஏன்? முதல் காரணம் வருமானம். டிக்கெட்டைக் குறைத்துக் கொடுத்துவிட்டு பாரிலும் கேசினோவிலும் சம்பாதிப்பதுதான் இந்தத் தொழிலின் கணக்கு. இரண்டாவது பாதுகாப்பு. பாரில் ஒருவர் எவ்வளவு குடித்தார் என்பது பில்லில் தெரியும். அறைக்குள் குடித்தால் தெரியாது. நடுக்கடலில் தள்ளாடும் பயணி கப்பலுக்குப் பெரிய தலைவலி.

## படி 2: வயதைச் சரிபாருங்கள்

மாநிலத்துக்கு மாநிலம் வயது மாறுகிறது. கர்நாடகத்தில் நடைமுறையில் 21. 18 ஆகக் குறைக்க 2023-இல் வந்த வரைவு விதியை அரசே திரும்பப் பெற்றுக்கொண்டது. தமிழ்நாட்டில் 21, கேரளத்தில் 23, கோவாவிலும் புதுச்சேரியிலும் 18. மகாராஷ்டிரத்தில் பீர், ஒயினுக்கு 21. விஸ்கி, ரம் போன்றவற்றுக்கு 25. சிங்கப்பூரில் 18.

கல்லூரி முடித்த கையோடு நண்பர்களாகப் போகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். இந்திராநகர் கடையில் 22 வயதில் சட்டப்படி வாங்கிய விஸ்கி, மும்பையில் இறங்கியதும் அதே ஆள் கையில் சட்டவிரோதம் ஆகிவிடுகிறது.

## படி 3: துறைமுகம் வரை எந்த வழி?

சாலை வழியே சென்னை: இதுதான் மிகவும் சிக்கலான வழி. அத்திப்பள்ளியைத் தாண்டி ஓசூருக்குள் நுழைந்ததும் ஜூஜூவாடி சோதனைச் சாவடி. அங்கிருந்து 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் தொடங்குகிறது. கர்நாடக மதுவை அனுமதியின்றி உள்ளே கொண்டு வருவது குற்றம். பில் இருக்கிறது, சீல் உடையவில்லை என்பதெல்லாம் காப்பாற்றாது. பாட்டில் மட்டுமல்ல, வண்டியும் சேர்ந்து பறிமுதலாகலாம். கர்நாடக டெட்ரா பாக்கெட்டுகள் எல்லையில் பிடிபடும் செய்தி நாளிதழ்களுக்குப் புதிதல்ல; அங்கே நிற்கும் காவலர்களுக்கு எந்த சீட்டுக்கு அடியில் பார்க்க வேண்டும் என்று நன்றாகவே தெரியும். கோலார், சித்தூர் வழியாகப் போனால் இடையில் ஆந்திரமும் சேரும். அங்கும் வெளிமாநிலச் சரக்குக்குக் கெடுபிடிதான். சென்னையில் கப்பல் ஏறுவதாக இருந்தால் பெங்களூரில் பாட்டில் வாங்கவே வேண்டாம்.

ரயில்: ரயிலில் போனாலும் வண்டி கடக்கும் மாநிலத்தின் சட்டம் கூடவே வரும். பெட்டியில் குடித்துவிட்டு ரகளை செய்தால் ரயில்வே சட்டத்தின் 145-ஆம் பிரிவு தனி.

மும்பை: மகாராஷ்டிரத்தில் மது வைத்திருக்கவே சட்டப்படி பர்மிட் வேண்டும். 1949-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. கடையிலேயே ஒருநாள் பர்மிட் கிடைக்கும். ஆண்டுக்கும் ஆயுளுக்கும்கூட உண்டு. ஆனால் கப்பலே ஏற்றிக்கொள்ளாத பாட்டிலுக்கு பர்மிட் எடுத்து என்ன பயன்?

சிங்கப்பூர்: விமானம்தான். சொந்த பாட்டில் பற்றி யோசிக்க அர்த்தமுள்ள வழியும் இது ஒன்றுதான். இனி வரும் படிகள் பெரும்பாலும் இந்த வழிக்கானவை.

## படி 4: விமானத்தில் எவ்வளவு, எங்கே வைப்பது?

கெம்பேகவுடா விமான நிலையத்தில் பாட்டிலைக் கையில் எடுக்கும் முன் லேபிளில் ஆல்கஹால் விழுக்காட்டைப் பாருங்கள். அதைப் பொறுத்துத்தான் விதி.

- 24 விழுக்காடு வரை (பீர், ஒயின்): செக்-இன் பெட்டியில் வைக்கலாம். விமானப் பாதுகாப்பு விதியில் லிட்டர் வரம்பு இல்லை. எடை வரம்பு மட்டும்தான்.
- 24-க்கு மேல் 70 வரை: கடையில் விற்கும் சீல் வைத்த பாட்டிலில், ஒருவருக்கு மொத்தம் 5 லிட்டர்.
- 70-க்கு மேல்: கூடவே கூடாது.

நம்மூர் ரம், விஸ்கி பெரும்பாலும் 42.8 விழுக்காடு. பெங்களூர் அம்ருத் சிங்கிள் மால்ட் 46, அம்ருத் ஃப்யூஷன் 50. 'காஸ்க் ஸ்ட்ரெங்த்' என்று எழுதியிருப்பவை 60-ஐயும் தாண்டலாம், ஆனாலும் பெரும்பாலும் 70-க்குள்தான்.

கைப்பையில் 100 மி.லி.க்கு மேற்பட்ட பாட்டிலை வைக்க முடியாது. விதிவிலக்கு, டூட்டி ஃப்ரீ கடையில் வாங்கி அவர்கள் சீல் வைத்துக் கொடுக்கும் பை. அந்தப் பையை வழியில் பிரிக்கக் கூடாது. விமானத்துக்குள் சொந்த பாட்டிலைத் திறந்து குடிப்பதும் கூடாது.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பெங்களூர் டூட்டி ஃப்ரீயில் விலை மலிவு என்று ஒரு லிட்டர் விஸ்கி வாங்குவார்கள். சிங்கப்பூர் சுங்கமும் விட்டுவிடும். கப்பல் வாசலில்தான் அது நிற்கும். போகும்போது டூட்டி ஃப்ரீ பக்கமே தலைவைக்க வேண்டாம். வாங்குவதாக இருந்தால் வரும்போது வாங்குங்கள்.

## படி 5: சிங்கப்பூர் சுங்கக் கணக்கு

சிங்கப்பூரில் வரியில்லாமல் கொண்டு போகக்கூடியது மொத்தம் 2 லிட்டர். 2019 ஏப்ரல் முதல் இதுதான் அளவு. ஒரு லிட்டர் விஸ்கி போன்றதும் ஒரு லிட்டர் ஒயின் அல்லது பீரும் சேர்த்துக் கொண்டு போகலாம். ஒயின் மட்டும் என்றால் 2 லிட்டர். விஸ்கி மட்டும் 2 லிட்டர் என்ற கணக்கு அங்கே இல்லை.

நிபந்தனை மூன்று: 18 வயது நிறைந்திருக்க வேண்டும், அதற்கு முன் 48 மணி நேரமாவது சிங்கப்பூருக்கு வெளியே இருந்திருக்க வேண்டும், மலேசியாவிலிருந்து வந்திருக்கக் கூடாது. மூன்றாவதை அடிக்கோடிட்டு வையுங்கள். படி 9-இல் இது மறுபடி வரும்.

ஆக, ஆளுக்கு ஒரு 750 மி.லி. ஒயின் என்பது விமானம், சுங்கம், கப்பல் மூன்றையும் சிரமமில்லாமல் தாண்டும்.

## படி 6: இனி கடைக்குப் போகலாம்

எடுத்துப் போகத்தான் வேண்டும் என்றால் ஒயின். அதிலும் நம்மூர் ஒயின். நந்தி மலையடிவாரத்தில் தொட்டபள்ளாபுரம் பக்கம் குரோவர் ஜாம்பா திராட்சைத் தோட்டங்கள் இருக்கின்றன. கர்நாடகம் ஒயினுக்கென்றே தனி வாரியம் வைத்திருக்கும் மாநிலம். பிறந்தநாள், திருமணநாள் என்று கப்பலில் கொண்டாடப் போகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர்ச் சரக்கு கிடையாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. பாட்டில் 750 மி.லி.தானா? ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் பாட்டிலைப் பெரும்பாலான கப்பல்கள் ஏற்காது.
2. சீலும் கலால் ஹோலோகிராமும் சரியாக இருக்கிறதா?
3. எம்.ஆர்.பி. கடையில் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்பு கவரில் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார்கள். நீங்கள்தான் பில்லைக் கேட்டு வாங்க வேண்டும்.
4. நாலைந்து பேருக்குச் சேர்த்து ஒருவரே வாங்காதீர்கள். 2020 மே மாதம் ஊரடங்குக்குப் பின் கடைகள் திறந்தபோது, தெற்குப் பெங்களூரில் ஒரு கடையின் 52,841 ரூபாய் பில் சமூக வலைத்தளங்களில் சுற்றியது நினைவிருக்கலாம். எட்டுப் பேர் சேர்ந்து வாங்கியதற்கு ஒருவர் பணம் கட்டினார் என்று கடைக்காரர் விளக்கம் சொன்னார். ஆனாலும் ஒருவருக்கு விற்கக்கூடிய அளவை மீறியதாகக் கலால் துறை வழக்குப் போட்டது. ஆளுக்கு ஒரு பாட்டில், ஆளுக்கு ஒரு பில் என்பதே நல்லது.

அக்டோபர் 2, தேர்தல் நாட்கள் போன்றவற்றில் கடை இருக்காது. முந்தின நாளே வாங்கிவிடுங்கள்.

## படி 7: பெட்டியில் அடுக்குவது

நிரம்பிய ஒயின் பாட்டில் ஒன்று ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ வரும். பாட்டிலை முதலில் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். பிறகு ஒரு லுங்கியிலோ தடிமனான துண்டிலோ இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். கழுத்துப் பகுதிக்குத் தனியாக ஒரு ஜோடி சாக்ஸ். பெட்டியின் நடுவில் வைத்து, நாலு பக்கமும் துணி இருக்கும்படி அடுக்குங்கள். பெட்டியின் ஓரத்திலும் சக்கரத்துக்கு அருகிலும் வைத்த பாட்டில்தான் உடையும். சிவப்பு ஒயின் உடைந்தால் பெட்டியில் ஒரு வெள்ளைச் சட்டை மிஞ்சாது.

சிங்கப்பூரில் இறங்கி ஹோட்டலுக்குப் போனதும் பாட்டிலைக் கைப்பைக்கு மாற்றிவிடுங்கள். ராயல் கரீபியன், கார்னிவல், டிஸ்னி எல்லாமே அனுமதித்த மதுவைக் கையில் கொண்டு வரச் சொல்கின்றன. சுமை ஆட்களிடம் ஒப்படைக்கும் பெரிய பெட்டிக்குள் இருந்தால், அனுமதிக்கப்பட்ட பாட்டிலாக இருந்தாலும் அந்தப் பெட்டியை ஓரங்கட்டி வைப்பார்கள்.

## படி 8: ஏறும் நாள்

சிங்கப்பூரில் மரினா பே க்ரூஸ் சென்டர், ஹார்பர்ஃபிரண்ட் என்று இரண்டு முனையங்கள் உண்டு. எது உங்களுடையது என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். முனையத்தில் விமான நிலையம் போலவே எக்ஸ்-ரே சோதனை. திரையில் பாட்டிலின் உருவம் தெளிவாகத் தெரியும். காவலர் கேட்கும் முன் நீங்களே எடுத்துக் காட்டிவிட்டால் வேலை அரை நிமிடத்தில் முடியும்.

அனுமதியில்லாத பாட்டிலுக்கு இரண்டில் ஒன்று நடக்கும். சில கப்பல்களில் சீட்டு எழுதிக் கட்டி வைத்துக் கடைசி நாளில் திருப்பித் தருவார்கள். சிலவற்றில் வாங்கிக் கொட்டிவிடுவார்கள். கேட்டாலும் திரும்ப வராது.

தண்ணீர் பாட்டிலில் வோட்காவும், மவுத்வாஷ் பாட்டிலில் நிறம் கலந்த ஜின்னும் ஊற்றிப் போகும் யோசனைகள் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. பாதுகாப்பு ஊழியர்கள் அவற்றை நமக்கு முன்பே பார்த்துவிட்டவர்கள். இந்தத் தந்திரம் பெருகித்தான் கார்னிவல் 2015-இல் தண்ணீர் பாட்டில் கொண்டு வருவதையே நிறுத்தியது. பிடிபட்டால் பாட்டில் போவதோடு நிற்காது. பயண ஒப்பந்தத்தின்படி கப்பலிலிருந்தே இறக்கிவிட அவர்களுக்கு உரிமை உண்டு. 2021 அக்டோபரில் மும்பையில் கார்டீலியா கப்பலில் போதைப்பொருள் தடுப்புப் பிரிவு சோதனை நடத்தியது நாடறிந்த செய்தி. அடையாளம் தெரியாத திரவத்தோடு முனையத்தில் நின்று விளக்கம் சொல்லும் நிலை யாருக்கும் வேண்டாம்.

## படி 9: வழித் துறைமுகங்களும் திரும்பும் வழியும்

லங்காவி: வரியில்லாத் தீவு, மது மலிவு. வாங்கலாம், ஆனால் கப்பலில் ஏறும்போது வாங்கி வைத்துக்கொண்டு கடைசி நாளில்தான் தருவார்கள். இன்னொரு சங்கடம்: கப்பல் மலேசியாவிலிருந்து நேராகச் சிங்கப்பூர் திரும்பினால் சிங்கப்பூரின் 2 லிட்டர் சலுகை கிடைக்காது. அறிவித்து வரி கட்ட வேண்டும். மலிவாக வாங்கியதன் லாபம் அங்கேயே கரைந்துவிடும்.

லட்சத்தீவு: பங்காரம் தவிர மற்றத் தீவுகளில் மதுவிலக்கு. கப்பலில் குடிக்கலாம், கரைக்கு எடுத்துப் போகக் கூடாது.

மாலத்தீவு: நாட்டுக்குள் மது கொண்டு போகத் தடை. விமானத்தில் கொண்டு போனால் மாலே சுங்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பும்போது தருவார்கள்.

இலங்கை: 2023 ஜூனில் காங்கேசன்துறைக்கு முதல்முறையாகப் போன கார்டீலியா, அம்பாந்தோட்டை, திருகோணமலைக்கும் போயிருக்கிறது. அங்கே பௌர்ணமி நாளான போயா அன்று மது விற்பனை கிடையாது. பயணத் தேதியை நாட்காட்டியோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள்.

வீடு திரும்பல்: இந்தியாவுக்குள் வரியில்லாமல் ஒருவருக்கு 2 லிட்டர். சாங்கியிலிருந்து பெங்களூருக்கு நேர் விமானம் என்றால் டூட்டி ஃப்ரீ பை கையிலேயே வரலாம். சென்னையிலோ மும்பையிலோ இறங்கி உள்நாட்டு விமானம் பிடிப்பதாக இருந்தால், சுங்கம் முடித்துப் பெட்டி கைக்கு வந்ததும் பாட்டிலை அதற்குள் வைத்து மறுபடி செக்-இன் செய்துவிடுங்கள். கையில் வைத்திருந்தால் உள்நாட்டுப் பாதுகாப்புச் சோதனையில் விட்டுவிட்டுத்தான் வர வேண்டும்.

## லாபமா, நஷ்டமா? ஒரு கணக்கு

நார்வீஜியன் கப்பலின் 15 டாலர் கார்க்கேஜை எடுத்துக்கொள்வோம். 750 மி.லி. பாட்டிலில் 150 மி.லி. வீதம் ஐந்து கிளாஸ். பாட்டில் விலையோடு கிளாஸுக்கு 3 டாலர் சேர்கிறது. கப்பல் பாரில் அந்த விலைக்கு ஒயின் கிடைக்காது, ஆக லாபம்தான். ஆனால் அது மொத்தம் ஐந்து கிளாஸுக்கான லாபம்.

மாலையில் ஒன்றிரண்டு குடிப்பவருக்கு அந்த ஒரு பாட்டிலும் அவ்வப்போது பாரில் ஒன்றும் போதும். அதற்கு மேல் குடிப்பவர் டிரிங்க்ஸ் பேக்கேஜ் பார்க்கலாம். ஒரு நாள் பேக்கேஜ் விலையை பாரில் ஒரு கிளாஸின் விலையால் வகுத்துப் பாருங்கள். வரும் எண்ணைவிட அதிகமாகத் தினமும் குடிப்பீர்களா? இல்லையென்றால் வேண்டாம். வகுக்கும் முன் சேவைக் கட்டணத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்; ராயல் கரீபியனில் அது 18 விழுக்காடு. அங்கே இன்னொரு நிபந்தனையும் உண்டு: அறையில் ஒருவர் மதுப் பேக்கேஜ் வாங்கினால் அதே அறையில் உள்ள மற்றப் பெரியவர்களும் வாங்க வேண்டும். குடிக்காத மனைவிக்கும் சேர்த்துப் பணம் கட்டும் கணவர்கள் இதை ஏறிய பிறகுதான் அறிகிறார்கள்.

## அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்டீலியாவில் ஒரே ஒரு பீர் கேன்கூடக் கூடாதா?
கூடாது. கப்பலின் பாரிலோ பேக்கேஜிலோதான்.

கோவாவில் இறங்கும்போது ஃபெனி வாங்கலாமா?
வாங்கலாம். ஆனால் கப்பலில் குடிக்க முடியாது. வீட்டுக்குக் கொண்டு வருவதாக இருந்தால் கோவாவைவிட்டு வெளியே எடுத்துப் போவதற்கான கலால் பர்மிட்டைக் கடையிலேயே கேளுங்கள்.

வீட்டில் போட்ட ஒயின்?
கப்பல் ஏற்காது. கடை சீல் இருக்க வேண்டும்.

குழந்தைகளின் பங்குக்கும் ஒரு பாட்டில் எடுக்கலாமா?
முடியாது. குடிக்கும் வயதுள்ளவருக்கு மட்டுமே கணக்கு.

## கிளம்பும் முன் ஒரு பார்வை

- கப்பல் ஒப்பந்தத்தில் மதுபானப் பத்தி படித்தாயிற்றா?
- ஏறும் துறைமுகத்தில் உங்கள் வயது செல்லுமா?
- வழியில் தமிழ்நாடு, ஆந்திர எல்லை இருக்கிறதா? இருந்தால் பாட்டில் வேண்டாம்.
- ஒயின், 750 மி.லி., ஆளுக்கு ஒன்று, ஆளுக்கு ஒரு பில்.
- விமானத்தில் செக்-இன் பெட்டி, கப்பலுக்குக் கைப்பை.
- வயது காட்டும் அடையாள அட்டை அல்லது பாஸ்போர்ட் எளிதாக எடுக்கும் இடத்தில் இருக்கிறதா?

இவற்றில் ஒன்றுக்காவது உறுதியான பதில் இல்லையென்றால் பாட்டிலை வீட்டு அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போங்கள். பெட்டியில் ஒன்றேகால் கிலோ மிச்சம்.